ஐடி சர்டிபிகேஷன்: எடுக்கலாமா, எதை எடுக்கலாம், யார் காசில் எடுக்கலாம்?

கல்லூரி ஜூனியர்கள், சொந்தக்காரப் பிள்ளைகள், டீமுக்குப் புதிதாக வந்தவர்கள் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதே இல்லை: ஏடபிள்யூஎஸ், சிஸ்கோ மாதிரி நிறுவனங்கள் தேர்வு வைத்துக் கொடுக்கும் சர்டிபிகேட்டை எடுக்கலாமா என்பதுதான் அது. ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் இருப்பது இன்ஃப்ரா (சர்வர், நெட்வொர்க் பராமரிப்பு), கிளவுட் பக்கம், இன்டர்வியூ பேனலிலும் அடிக்கடி உட்கார வைக்கிறார்கள். அதனால் டெஸ்டிங், எஸ்ஏபி பக்கத்துக் கதை இதில் இருக்காது. கட்டணங்களை டாலரில் சொல்லியிருக்கிறேன், இந்தியாவில் கட்டும்போது அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும், பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, சர்டிபிகேட் இருந்தால் வேலை கிடைக்குமா?

இன்டர்வியூ கிடைக்கலாம். வேலை என்பது அதற்கப்புறம் பேசுவதைப் பொறுத்தது.

ஹெச்ஆர் ஆட்கள் நவுக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ தேடும்போது சர்டிபிகேட் பெயரைப் போட்டுத் தேடுவது உண்டு, ஐந்நூறு ரெஸ்யூமேயை ஐம்பதாகக் குறைக்க அவர்களுக்கு ஏதாவது ஒரு சல்லடை வேண்டும். அந்தச் சல்லடையில் விழாமல் இருக்க அது உதவும். பேனலுக்கு வந்து உட்கார்ந்தபின் அந்தத் தாளை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

நான் வழக்கமாகக் கேட்பது இதுதான்: ஏடபிள்யூஎஸ்-இல் (அமேசானின் கிளவுட்) பிரைவேட் சப்நெட்டுக்குள், அதாவது இணையத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத உள் நெட்வொர்க்கில், ஒரு சர்வர் இருக்கிறது, அதிலிருந்து அப்டேட் இறக்க முடியவில்லை, முதலில் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர் வெளியே இணையத்துக்குப் போகும் வழி) என்றால் என்ன என்று கேட்டால் சர்டிபிகேட் வைத்திருப்பவர் எல்லோரும் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். இந்தக் கேள்விக்குச் சிலர் அதே வரையறையைத் திரும்பச் சொல்கிறார்கள், சிலர் "சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடுவேன்" என்கிறார்கள். கையால் செய்து பார்த்தவர் வேறு மாதிரி பேசுவார். அந்த சப்நெட்டின் ரூட் டேபிளில் 0.0.0.0/0 (வெளியே போகும் எல்லா டிராஃபிக்கும்) நாட் கேட்வேக்குப் போகிறதா என்று பார்ப்பேன், அந்த நாட் கேட்வே பப்ளிக் சப்நெட்டில்தான் இருக்கிறதா என்று பார்ப்பேன், செக்யூரிட்டி குரூப்பில் அவுட்பவுண்ட் திறந்திருக்கிறதா, நெட்வொர்க் ஏசிஎல்-இல் பதில் திரும்பி வரும் போர்ட்டுகளை யாராவது அடைத்து வைத்திருக்கிறார்களா என்று வரிசையாகப் போவார். இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இப்படிப் பேசுகிறவரிடம் சர்டிபிகேட் இல்லாவிட்டாலும் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வேன், இதுவரை அதற்கு யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

கம்பெனியில் எடு எடு என்று நச்சரிக்கிறார்களே, அவர்களுக்கு இதில் என்ன லாபம்?

நிறைய. ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்ட், கூகுள், சிஸ்கோ எல்லோரும் தங்களோடு தொழில் செய்யும் சர்வீஸ் கம்பெனிகளுக்கு பார்ட்னர் என்று ஒரு தகுதி கொடுக்கிறார்கள், அதில் படிகள் உண்டு. ஏடபிள்யூஎஸ்-இல் செலக்ட், அட்வான்ஸ்டு, பிரீமியர் என்று போகும். மேல் படிக்குப் போக என்னென்ன வேண்டும் என்ற பட்டியலில் "இத்தனை பேர் சர்டிபிகேட் வைத்திருக்க வேண்டும்" என்பதும் ஒன்று. படி உயர்ந்தால் கிளையன்ட் அறிமுகம், சலுகை, நிதி உதவி எல்லாம் கூடும். இது போக, டெண்டர் போடும்போதும் கிளையன்ட்டுக்கு புரொபோசல் அனுப்பும்போதும் "எங்களிடம் இத்தனை சர்டிஃபைடு ஆர்க்கிடெக்டுகள் இருக்கிறார்கள்" என்று ஒரு ஸ்லைடு கட்டாயம் இருக்கும். அந்த எண்ணிக்கையில் ஒரு தலை நீங்கள்.

இது தப்பே இல்லை. ஆனால் உங்கள் சர்டிபிகேட்டால் கம்பெனிக்கு வருமானம் என்றால் செலவையும் கம்பெனிதானே செய்ய வேண்டும்? வவுச்சர் (தேர்வுக் கட்டணத்துக்குப் பதிலாகத் தரும் கூப்பன்) கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மார்ச்சில் நிதியாண்டு முடிவதற்கு முன் டிரெயினிங் பட்ஜெட்டில் மீதி இருக்கிறதா என்று மேனேஜரிடம் சும்மா கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் கேட்காத பணம் அப்படியே கிடந்துவிடும்.

ஒரே எச்சரிக்கை, பாண்டு. சில இடங்களில் கட்டணம் கொடுத்துவிட்டு ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்டணும் என்று எழுதி வாங்குவார்கள். 150 டாலர் தேர்வுக்கு அப்படி எழுதிக் கொடுப்பதைவிடக் கைக்காசைப் போட்டுவிடலாம். சில லட்சம் ஆகும் பயிற்சி என்றால் யோசித்து எழுதிக் கொடுக்கலாம்.

கம்பெனி கொடுக்காது, சொந்தக் காசுதான். குறைவாக முடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்-இல் ஒரு தேர்வு பாஸ் செய்தால் அடுத்த தேர்வுக்குப் பாதி விலை கூப்பன் உங்கள் கணக்கிலேயே வந்து உட்காரும். மைக்ரோசாஃப்ட் நாட்டுக்கு நாடு தனி விலை வைக்கிறது, இந்திய விலை அமெரிக்க விலையைவிடக் கணிசமாகக் குறைவு. லினக்ஸ் ஃபவுண்டேஷன் தேர்வுகளை (கீழே வரும் சிகேஏ அவர்களுடையதுதான்) முழு விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள், நவம்பர் கடைசியில் பெரிய தள்ளுபடி போடுவது அவர்கள் வழக்கம்.

காலேஜ் மூன்றாம் வருஷம். எதில் ஆரம்பிக்கட்டும்?

முதலில் எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். டெவலப்பர் வேலைதான் இலக்கு என்றால் சர்டிபிகேட்டை விடுங்கள், டேட்டா ஸ்ட்ரக்சர் படியுங்கள், சின்னதாக ஒரு அப்ளிகேஷன் எழுதி கிட்ஹப்பில் போடுங்கள். கேம்பஸில் கோடிங் ரவுண்டுதான் வடிகட்டும், அங்கே எந்த பேட்ஜும் உதவாது.

நெட்வொர்க் பக்கம் என்றால் சிசிஎன்ஏ, சிஸ்கோவின் அடிப்படை நெட்வொர்க் தேர்வு. 300 டாலர், மாணவருக்கு அது பெரிய தொகைதான், ஆனால் சப்நெட்டிங், ரூட்டிங், விலான் எல்லாம் ஒருமுறை ஒழுங்காகப் படித்தால் பின்னால் கிளவுடுக்குப் போனாலும் கைகொடுக்கும். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் (நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பழகும் மென்பொருள்) இலவசம், உண்மையான ரூட்டர் வாங்கத் தேவையில்லை. தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது, அதை மனசில் வைத்துக்கொண்டு நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கிளவுட் என்றால் ஏடபிள்யூஎஸ்-இன் கிளவுட் பிராக்டிஷனர் (100 டாலர்), மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் ஏஇசட்-900 என்ற இரண்டு அடிப்படைத் தேர்வுகளையும் நான் சொல்லமாட்டேன். சேல்ஸ், எச்ஆர், புராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆட்களுக்கு அவை நல்லது, இன்ஜினியருக்கு அதில் கிடைப்பது குறைவு. நேராக ஏடபிள்யூஎஸ்-இன் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டுக்குப் போகலாம், கீழ்த் தேர்வை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 150 டாலர், 130 நிமிஷம், 65 கேள்வி, அதில் 15 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது (அடுத்த தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கிறார்கள், எந்த 15 என்று சொல்லமாட்டார்கள்). 1000-க்கு 720 வாங்கினால் பாஸ்.

காசே இல்லையென்றால் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளம். ஐஐடி பேராசிரியர்கள் நடத்துவது, படிப்பது இலவசம், தேர்வுக்குத்தான் 1000 ரூபாய், அதுவும் சென்டரில் போய் உட்கார்ந்து எழுதுவது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் இந்த இரண்டையும் அதில் பார்த்துவிட்டு வந்தால் மற்ற தேர்வெல்லாம் பாதி வேலைதான். அப்புறம் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் என்ற அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன கோர்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல பேர் அதை அட்டெண்டன்ஸுக்காக மட்டும் முடித்து வைக்கிறார்கள், கையில் கிடைப்பதை வீணாக்காதீர்கள்.

எந்த சர்டிபிகேட்டைப் பார்த்தால் பேனலில் மரியாதை வரும்?

நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு இல்லாமல், மெஷினைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டு என்று சொல்லும் தேர்வுகள். இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ரெட்ஹாட்டின் லினக்ஸ் தேர்வான ஆர்ஹெச்சிஎஸ்ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளே கிடையாது, வேலைப் பட்டியல்தான்: யூசர் உருவாக்கு, டிஸ்க்கைப் பிரித்து எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பின்னால் கூட்டிக் குறைக்கும் வசதி) போடு, பூட் ஆகும்போதே இடைமறித்து சிஸ்டத்துக்குள் நுழை, இந்த மாதிரி. 300-க்கு 210 எடுக்க வேண்டும். இதில் கொடூரமான விதி ஒன்று உண்டு, நீங்கள் செய்தது எல்லாம் மெஷினை ரீபூட் செய்தபின்னும் நிற்க வேண்டும். எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) யூயூஐடி-யை, அதாவது டிஸ்க்கின் அடையாள எண்ணை, ஒரு எழுத்து மாற்றித் தட்டிவிட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ரீபூட் ஆகும்போது மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும், பூட் ஆகாத மெஷினில் நீங்கள் செய்த மற்ற வேலைகளுக்கும் மதிப்பெண் போட முடியாது. அதனால்தான் இந்தத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது, அந்தக் கோப்பைத் தொட்டுவிட்டால் ரீபூட்டுக்கு முன் "மவுண்ட் -ஏ" கொடுத்துச் சரிபார்க்காமல் கை அடுத்த வேலைக்குப் போகாது. புரொடக்‌ஷன் சர்வரில் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பழக்கத்தின் அருமை தெரியும்.

குபர்நெட்டிஸுக்கு (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) சிகேஏ. இரண்டு மணி நேரம், 66 சதவீதம் எடுத்தால் பாஸ். அதிகாரபூர்வ குபர்நெட்டிஸ் டாக்குமென்டேஷனைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியாதவருக்கு நேரம் அங்கேயே போய்விடும். ஒருமுறை தவறினால் இன்னொரு வாய்ப்பு அதே கட்டணத்துக்குள் உண்டு. செக்யூரிட்டியில் ஓஎஸ்சிபி: 23 மணி 45 நிமிஷம் மெஷின்களுக்குள் ஹேக் செய்து நுழையணும், அதற்கப்புறம் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் எழுதி அனுப்பணும். நெட்வொர்க்கில் சிஸ்கோவின் உச்சத் தேர்வான சிசிஐஇ, 1993-இல் இருந்து இருக்கிறது, லேப் தேர்வு 8 மணி நேரம். அதை முடித்தவர் தனக்குக் கிடைத்த சிசிஐஇ எண்ணைக் கையெழுத்துக்குக் கீழே போட்டுக்கொள்வார், போட்டுக்கொள்ளட்டும், தகும்.

டம்ப்ஸ் (தேர்வில் இருந்து திருடி வெளியே விடும் கேள்வி-விடைத் தொகுப்பு) படித்து எழுதிவிட்டால் என்ன? எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

எல்லோரும் செய்யவில்லை, செய்கிறவர்கள் சத்தமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

தேர்வுக்கு முன் ஒரு ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்துத்தான் உள்ளே போகிறீர்கள், கேள்வியை வெளியே சொல்லவும் கூடாது, திருடிய கேள்வியைப் படித்துவிட்டு வரவும் கூடாது. பதில்களின் போக்கையும் எடுத்த நேரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். பிடிபட்டால் மதிப்பெண் ரத்து, எழுதத் தடை. சரி, பிடிபடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த டம்பில் இருக்கும் விடைகள் பல தப்பு, யாரோ குத்துமதிப்பாகக் குறித்ததை நீங்கள் மனப்பாடம் செய்து வருகிறீர்கள். அதைவிட மோசம், மேலே சொன்ன ரூட் டேபிள் கேள்வியில் இரண்டாவது நிமிஷமே மாட்டிக்கொள்வது.

இது புதுக் கதையும் இல்லை. 90-களில் விண்டோஸ் என்டி காலத்தில் மைக்ரோசாஃப்ட்டின் எம்சிஎஸ்இ சர்டிபிகேட் எடுத்தால் வேலை என்று ஒரு அலை வந்தது. கேள்விகளை உருப்போட்டுப் பாஸ் ஆனவர்கள் குவிந்ததில் "பேப்பர் எம்சிஎஸ்இ" என்று ஒரு கிண்டல் பெயரே கிளம்பிவிட்டது, உழைத்துப் படித்து வாங்கியவனின் தாளுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. அந்த எம்சிஎஸ்இ-யையும் மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு மூடிவிட்டது.

பிராக்டிஸ் டெஸ்ட் வேறு, அது தாராளமாகச் செய்யலாம். தப்பான மூன்று விடையும் ஏன் தப்பு என்று விளக்கம் இருந்தால் அது பிராக்டிஸ் டெஸ்ட். விடை மட்டும் "சி" என்று இருந்து, "நேற்றுத் தேர்வில் இதுதான் வந்தது" என்று கீழே எழுதியிருந்தால் ஓடிவிடுங்கள். அப்புறம் "பாஸ் ஆனபின் பணம் கொடுங்கள்" என்று டெலிகிராமில் வருகிறார்களே, உங்களுக்குப் பதில் அவர்களே எழுதுவதாக, அதற்காக உங்கள் லேப்டாப்பின் ரிமோட் ஆக்சஸையும் அடையாள அட்டையையும் யாரென்றே தெரியாத ஒருவனுக்குக் கொடுக்கிறீர்கள். சர்டிபிகேட் போவதைவிடப் பெரிய இழப்பு அதில் இருக்கிறது.

இங்கிலீஷில் நீளமாகக் கேட்கிறார்கள், படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது.

ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ எதிலும் தமிழில் எழுத வழி இல்லை. ஆனால் ஏடபிள்யூஎஸ்-இல் ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 30 நிமிஷம் கூடுதலாகத் தருகிறார்கள், கேட்டால்தான் தருவார்கள். தேர்வை புக் செய்வதற்கு முன்னால் கணக்கில் அகாமடேஷன் பகுதிக்குப் போய் "இஎஸ்எல் +30" என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். புக் செய்தபின் கேட்டால் அந்தத் தேர்வுக்கு ஒட்டாது. நம்மூரில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது.

கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். குறைந்த செலவில் எப்படி என்கிறார்களா, குறைந்த பராமரிப்பில் எப்படி என்கிறார்களா என்பது அங்கேதான் இருக்கும், அதைப் பார்த்தாலே இரண்டு விடை கழிந்துவிடும்.

வீட்டில் இருந்தே எழுதலாமா?

எழுதலாம், ஆனால் நான் சென்டரைத்தான் சொல்வேன். சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் இருப்பவர் வீட்டில் இருந்து எழுதி அவஸ்தைப்பட வேண்டியதில்லை.

வீட்டில் என்றால் மேஜை மேல் ஒன்றும் இருக்கக் கூடாது, அறையை நாலு பக்கமும் படமெடுத்து அனுப்பணும், கேமராவை விட்டு விலகக் கூடாது, கேள்வியை வாய்க்குள் முணுமுணுத்தாலும் எச்சரிக்கை வரும். நடுவில் அம்மா காபியோடு உள்ளே வந்தால் தேர்வையே நிறுத்தலாம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்தெந்தப் பகுதியில் என்றைக்கு மின்தடை என்று முன்கூட்டியே அறிவிக்கிறது, தேதி போடும்போது அதையும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி நம் இனிஷியல். தேர்வுக் கணக்கில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ் கார்த்திக்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாக விரித்து சர்நேம் இடத்தில் போட்டிருப்பார்கள். கணக்குத் தொடங்கும்போதே எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதுவே நல்லது, ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று பிரித்து இருக்கும். தேர்வு நாளன்று போய்ப் பெயரை மாற்றச் சொன்னால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள், கட்டிய பணமும் வராது.

காலாவதி ஆகுமாமே? திரும்பத் திரும்பக் கட்டணுமா?

ஏடபிள்யூஎஸ், சிசிஎன்ஏ இரண்டும் மூன்று வருஷம். சிகேஏ முன்பு மூன்று வருஷமாக இருந்தது, 2024 ஏப்ரலில் இருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டில் அசோசியேட், எக்ஸ்பர்ட் எல்லாம் ஒரு வருஷம்தான், ஆனால் புதுப்பிப்பது இலவசம், காலாவதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் எழுதிவிடலாம், கண்காணிப்பும் கிடையாது. இந்த விஷயத்தில் அவர்கள்தான் நியாயமானவர்கள் என்பேன்.

எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டியதில்லை. நாலைந்து வருஷம் அந்த வேலையையே செய்துவிட்டீர்கள் என்றால் உங்கள் அனுபவமே பேசும், கம்பெனி காசு கொடுத்தால் புதுப்பியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். காலாவதியானதை ரெஸ்யூமேயில் வருஷத்தோடு போடலாம், மறைக்காமல்.

பத்து வருஷ அனுபவம் இருக்கிறது. இனிமேல் எதற்கு?

டெக்னிக்கலாகவே தொடரப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் வேண்டாம். செக்யூரிட்டி மேல்மட்டத்துக்கு சிஐஎஸ்எஸ்பி, புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கு பிஎம்பி, இரண்டும் வேலை விளம்பரத்திலேயே கேட்கப்படுகின்றன, வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்கவும். சிஐஎஸ்எஸ்பி-க்குத் தேர்வு மட்டும் போதாது, எட்டு துறைகளில் குறைந்தது இரண்டில் சேர்த்து ஐந்து வருஷ அனுபவம் காட்டணும், ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவர் பரிந்துரைக்கணும், அப்புறம் வருஷா வருஷம் சந்தா. தேர்வுக்கே 749 டாலர். இதைத் தன் காசில் எடுப்பதற்கு முன் லிங்க்ட்இன்னில் உங்களுக்குப் பிடித்த பத்து வேலை விளம்பரத்தைத் திறந்து, எத்தனையில் அந்தப் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்த சர்டிபிகேட்டுக்கும் இதே சோதனைதான்.

சம்பளம் ஏறுமா?

இருக்கும் இடத்தில் கைதட்டலும் ஒரு மெயிலும், சில கம்பெனிகளில் ஒருதடவை போனஸும். வேலை மாறும்போது பேரம் பேச உதவும்.

யுடெமி, கோர்செரா சான்றிதழைப் போடலாமா?

வீடியோ பார்த்து முடித்ததற்குக் கிடைப்பது அது, தேர்வு எழுதி வாங்கியதோடு சேர்த்து வைக்காதீர்கள். ஃப்ரெஷர் என்றால் ஒன்றிரண்டு இருக்கலாம். பதினெட்டு வரிசையாக இருந்தால் நான் ஸ்க்ரோல் செய்து போய்விடுவேன்.

டிரெயினிங் சென்டரில் சேரலாமா?

தனியாக உட்கார்ந்து படிக்கவே வராது என்றால் சேருங்கள். "100 சதவீத பிளேஸ்மென்ட்" என்று போர்டு இருந்தால் எந்தக் கம்பெனி, எத்தனை பேர், எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். பொய் அனுபவம் போட்டு ரெஸ்யூமே செய்து தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனில் மாட்டுவது நீங்கள், அவர்கள் இல்லை.

சென்டருக்குப் போகாமல் வீட்டிலேயே லேப் போட்டுப் பழகுகிறவர்கள் ஏடபிள்யூஎஸ் கணக்கைத் திறந்த முதல் நாளே பட்ஜெட் அலர்ட் போடுங்கள். சர்வரை நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினால் போதாது, நாட் கேட்வே சும்மா இருந்தாலும் மணிக்கணக்கில் காசு ஓடும், அழிக்காமல் விட்டால் மாதம் 30 டாலருக்கு மேல் பில் வரும். எலாஸ்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி), டிஸ்க் எல்லாவற்றையும் லேப் முடிந்ததும் அன்றே அழியுங்கள்.

ஃபெயில் ஆகிவிட்டேன், கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?

நீங்களே சொன்னால் தவிர, பொதுவாகத் தெரியாது. கம்பெனி வவுச்சர் என்றால் கேட்பார்கள், சொல்லிவிடுங்கள், இதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஏடபிள்யூஎஸ்-இல் 14 நாள், சிசிஎன்ஏ-வில் 5 நாள் காத்திருக்கணும், மைக்ரோசாஃப்ட்டில் முதல் தடவை தவறினால் 24 மணி நேரம், அதற்கப்புறம் 14 நாள். ஸ்கோர் ரிப்போர்ட்டில் எந்தப் பகுதியில் இடறினீர்கள் என்று இருக்கும், மறுபடி எல்லாவற்றையும் முதலில் இருந்து படிக்காமல் அந்தப் பகுதியை மட்டும் எடுத்து லேபில் செய்து பாருங்கள். அடுத்த தேதியை உடனே போட்டுவிடுவது நல்லது, ஏடபிள்யூஎஸ்-இல் தேர்வுக்கு 24 மணி நேரம் முன்பு வரை இரண்டு தடவை தேதியை மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை.